தோன்றா எழுவாய்

எளாவூர் என்றால் தமிழ்நாட்டில் லாரி ஓட்டும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சோதனைச்சாவடிதான். சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலை ஆந்திர எல்லையைத் தொடுமுன் எங்கள் ஊரைக் கடந்துதான் போகவேண்டும். சாலையின் பழைய எண் 5, இப்போதைய எண் 16. ஊர்க்காரர்கள் இன்றும் ஜி.என்.டி. ரோடு என்றே சொல்கிறோம். கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ரயில் நிலையம் எங்களுடையது. அதற்கடுத்தது ஆரம்பாக்கம். அதையும் தாண்டித் தடா வந்துவிட்டால் பெயர்ப்பலகையில் தெலுங்கு முதலிடத்துக்கு வந்துவிடும்.

சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலத்தை ஊரில் அனைவரும் அறிவர். ஓட்டுநர்கள் காகிதக் கட்டுகளோடு இறங்கி நிற்பார்கள். சரக்கு என்ன, எடை எவ்வளவு, யார் அனுப்பினார், யாருக்குப் போகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் கையில் பிடித்த தாள்தான் பதில். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததையடுத்து வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமாயிற்று. தாளில் நடந்த சரிபார்ப்பில் பெரும்பகுதி கணிப்பொறிக்குள் போய்விட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து புறப்படும் ஓர் இரும்புக்கம்பிக் கட்டு ஆலையின் வாசலைத் தாண்டுமுன்பே, அதன் எடையும் விலையும் பயணமும் எங்கோ ஒரு கணிப்பொறியில் பதிவாகிவிடுகின்றன.

அந்தப் பதிவுகளைக் காவல் காப்பது ஒரு தொழில். அதை ஆலோசனையாக விற்பது இன்னொரு தொழில். இரண்டாவது தொழிலைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தோம்.

‘வந்தோம்’ என்பது மரியாதைப் பன்மை இல்லை. எங்கள் வீட்டில் இருவர் ஆசிரியர்கள். ஒருவர் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். மற்றவர் பள்ளியில் கணிதம் கற்பிப்பவர். எழுதுவது தமிழ்க்காரர்தான் என்றாலும், கேட்டதும் வியந்ததும் விவாதித்ததும் இருவருமாகவே என்பதால் ஒருமையில் எழுத மனம் வரவில்லை.

*

எங்களுக்கு இத்தொழிலை அறிமுகப்படுத்தியவள் ஒரு பழைய மாணவி. கணிப்பொறிப் பயன்பாட்டியல் படித்தவள். அப்படிப்பிலும் பகுதி ஒன்றில் தமிழ் உண்டு. அந்த வகுப்பில் வந்து அமர்ந்த அறுபது பேரில் ஒருத்தி. சந்திப்பிழைகளைக் கண்டுபிடிப்பதில் அவளுக்குத் தனி ஆர்வம் இருந்தது. துறையின் அறிவிப்புப் பலகையில் நாங்கள் ஒட்டும் சுற்றறிக்கையிலேயே ஒற்று மிகுந்திருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டுச் சிரிப்பாள். இன்று சென்னையில் ஒரு சைபர் பாதுகாப்பு ஆலோசனை நிறுவனத்தில் வேலை. வாரத்தில் பாதி நாள் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறாள். மீதி நாள் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலைகளுக்கே நிறுவனம் அவளை அனுப்பிவைக்கிறது. ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்துக்கு வருவாள்.

ஊரில் அவள் வேலைக்கு வைத்த பெயர் ‘ஹேக்கிங் கம்பெனி’. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், “அது போலீஸ் பக்கத்து வேலையா, திருடன் பக்கத்து வேலையா?” என்று நேராகவே கேட்டதாம். “கம்ப்யூட்டருக்கு ஆடிட்டர்” என்று அவள் அம்மா சமாளித்திருக்கிறார். எங்களுக்குத் தெரிந்தவரை அவ்வேலைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை யாரும் சொல்லிவிடவில்லை.

திரைப்படங்களில் வருவதுபோல் இருட்டறையில் பச்சை எழுத்துகள் ஓடும் வேலை என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். அவள் சொல்லக் கேட்டபோது அது பெரும்பாலும் வாசிப்பு வேலை என்று தெரிந்தது. ஃபயர்வாலில் பத்தாண்டுகளாகச் சேர்ந்த விதிகளை வரிவரியாக வாசிக்கவேண்டும். எந்த விதி எதற்காக எழுதப்பட்டது என்பதை எழுதியவர் வேலையைவிட்டுப் போயிருப்பார். யார் எப்போது உள்ளே வந்தார் என்னும் பதிவேடுகளை வாசிக்கவேண்டும். ஆயிரம் வரிகளில் ஒன்று மட்டும் அதிகாலை மூன்று மணியைக் காட்டும். வாசித்து முடித்தபின் எழுதவேண்டும். குறைகளைக் கடுமை, நடுத்தரம், குறைவு என்று பிரித்துப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண் இட்டு, ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் சொல்லி அறிக்கை தரவேண்டும். “ஐயா, நீங்க விடைத்தாள் திருத்துறீங்க, நானும் திருத்துறேன். ஒரே வித்தியாசம், நான் ஃபெயில் போட்டா பசங்க அடுத்த வருஷமும் அதே விடையையே எழுதுறாங்க” என்பாள். சென்ற ஆண்டு அறிக்கையில் இருந்த குறை இந்த ஆண்டும் அதே பக்கத்தில் அப்படியே இருக்குமாம்.

வேலை தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியது அனுமதிக் கடிதம். எந்தக் கணிப்பொறியை, எந்த நாட்களில், எதுவரை சோதிக்கலாம் என்று வாடிக்கையாளர் கையொப்பமிட்டுத் தரவேண்டும். அது இல்லாமல் அதே வேலையைச் செய்தால் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம்; 43, 66 ஆகிய பிரிவுகளின்கீழ் மூன்றாண்டுவரை சிறை உண்டு. கடிதம் இருந்தும் தப்பாதவர்கள் உண்டு. 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், நீதிமன்றக் கட்டடம் ஒன்றின் காவலைச் சோதிக்க மாநில நீதித்துறையே கோல்ஃபயர் என்னும் நிறுவனத்தை அமர்த்தியிருந்தது. இரவில் உள்ளே நுழைந்த அதன் ஊழியர் இருவரும் கடிதத்தைக் காட்டியபிறகும் கைது செய்யப்பட்டார்கள். வழக்கு கைவிடப்பட 2020 ஜனவரி ஆயிற்று. தொழிலுக்கும் குற்றத்துக்கும் நடுவே ஒரு தாள்தான் இருக்கிறது என்பதை அவள் தன் நிறுவனத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தக் கதையைக் கொண்டு கற்பித்தார்களாம்.

*

எங்கள் பக்கத்து ஆலைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சிப்காட்டில் ரோலிங் மில்களும் வார்ப்பாலைகளும் ரசாயனத் தொழிற்சாலைகளும் பல. உள்ளூர்க்காரர்களோடு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அங்கே உழைக்கிறார்கள். ஓர் ஆலையின் அலுவலகத்தில் இருக்கும் கணிப்பொறி வேறு. உலையையும் உருளைகளையும் இயக்கும் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி வேறு. அலுவலகக் கணிப்பொறியில் பழுது பார்ப்பதற்கு மதிய உணவு இடைவேளை போதும். உலையோடு பிணைந்த கணிப்பொறியைத் தொடவேண்டுமென்றால் உலையை நிறுத்தவேண்டும். அது நின்றால் நட்டம். ஆகவே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014 ஏப்ரலிலேயே கைகழுவிவிட்ட விண்டோஸ் எக்ஸ்பி, ஏதோ ஓர் ஆலையின் மூலையில் இன்றும் எண்ணெய்ப் பிசுக்கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. சோதனை செய்யப் போகிறவர் அதைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தட்டிப் பார்த்தாலே அது நின்றுவிடக்கூடும். “நோயாளியோட நாடியைப் பிடிக்கவே பயப்படணும்மா” என்று எங்களில் கணிதக்காரரிடம் ஒருநாள் சொன்னாள்.

அலுவலகக் கணிப்பொறியும் உலைக் கணிப்பொறியும் எங்கேனும் ஓரிடத்தில் கம்பியால் இணைந்திருக்கும். இல்லை என்று அனைவரும் சொல்வார்கள், தேடினால் இருக்குமாம். இரண்டும் இணைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவள் சொன்ன உதாரணம் ஜெர்மனியில் நடந்தது. அந்நாட்டின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் 2014ஆம் ஆண்டு அறிக்கையில் பெயர் குறிப்பிடாமல் ஓர் எஃகாலையைப் பற்றி எழுதியது. அலுவலக ஊழியர்க்கு வந்த போலி மின்னஞ்சல் வழியாக நுழைந்தவர்கள் படிப்படியாக உற்பத்திப் பிரிவுவரை சென்றுவிட்டார்கள். ஊதுலையை முறைப்படி நிறுத்த முடியாமல் பெருஞ்சேதம் உண்டாயிற்று. ஒரு மின்னஞ்சலில் தொடங்கி உலையில் முடிந்த இக்கதை, உருகிய இரும்புக்கு அருகில் நின்று வேலை செய்பவர்களின் ஊரில் வாழும் எங்களுக்கு எங்கோ நடந்த செய்தியாகப் படவில்லை.

தமிழ்நாட்டு உதாரணமும் உண்டு. கும்பகோணத்தில் 1904இல் தொடங்கப்பட்ட சிட்டி யூனியன் வங்கியில், 2018 பிப்ரவரியில், வெளிநாட்டுப் பணப்பரிமாற்றத்துக்கான சுவிஃப்ட் அமைப்பின் வழியாக வங்கி கொடுக்காத மூன்று கட்டளைகள் வெளியே போயின. ஏறத்தாழ இருபது லட்சம் டாலர், துபாய்க்கும் துருக்கிக்கும் சீனாவுக்குமாக. அமைப்போடு இணைந்த அச்சுப்பொறியை ஊடுருவியவர்கள் முன்பே செயலிழக்கச் செய்திருந்ததால் ஒப்புகைத் தாள்கள் வெளிவரவில்லை. மறுநாள் கணக்கை ஒப்பிட்டு வாசித்தபோதுதான் களவு தெரிந்தது. துபாய்க்குப் போன ஐந்து லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது. அதற்கு ஈராண்டு முன்னர், 2016 பிப்ரவரியில், வங்காளதேச மத்திய வங்கியில் இதேபோல் நடந்த பெருங்களவில் 8 கோடியே 10 லட்சம் டாலர் பறிபோயிற்று. இலங்கைக்குப் போக இருந்த 2 கோடி டாலர் மட்டும் ஓர் எழுத்துப்பிழையால் தப்பியது. ‘ஃபவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் திருடர்கள் தவறாக எழுத, இடையிலிருந்த ஜெர்மானிய வங்கியில் அது கண்ணில் பட்டு, விளக்கம் கேட்டு நிறுத்தினார்கள். இதைச் சொன்னபோது, ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் எங்கள் வழக்கத்தைப் பற்றி அவள் இனிக் குறை சொல்லமாட்டாள் என்று சிரித்துக்கொண்டோம்.

*

சிரிப்பு நின்றுபோன ஞாயிறு ஒன்று உண்டு.

ஆலோசனை நிறுவனங்கள் செய்துதரும் சேவைகளில் ஒன்று போலி மின்னஞ்சல் சோதனை. ஃபிஷிங் என்னும் தூண்டிலைத் திருடன் போடுமுன் நிறுவனமே தன் ஊழியர்களுக்குப் போட்டுப் பார்ப்பது. யார் இணைப்பைச் சொடுக்கினார், யார் கடவுச்சொல்லைக் கொடுத்தார் என்று எண்ணிக் கணக்குச் சொல்வார்கள். தூண்டிலில் எந்த இரையைக் கோப்பது என்பதில்தான் ஆலோசகரின் மனச்சாட்சி வெளிப்படும். 2020 டிசம்பரில், கொரோனாக் காலத்தில், அமெரிக்காவின் கோடாடி நிறுவனம் தன் ஊழியர்க்கு 650 டாலர் விடுமுறைக்கால போனஸ் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. ஏறத்தாழ ஐந்நூறு பேர் நம்பித் தங்கள் விவரங்களை நிரப்பினார்கள். இரண்டு நாள் கழித்து அவர்களுக்குக் கிடைத்தது, சோதனையில் தோற்றுவிட்டீர்கள் என்ற செய்தி. பின்னர் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

இங்கே ஓர் ஆலையில் தீபாவளி போனஸ் பட்டியல் என்ற பெயரில் தூண்டில் போடப்பட்டது. எந்த ஆலை என்று அவள் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது அவள் தொழில் தர்மம். நாங்களும் கேட்கவில்லை. இரையைத் தேர்ந்தெடுத்தவளும் அவளில்லை. அறிக்கை எழுதும் பொறுப்பு மட்டும் அவளுடையது. ஆலை நிர்வாகம் ஆங்கில அறிக்கையோடு அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு தமிழ்ச் சுருக்கமும் கேட்டிருந்தது. ஊர் பேர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, சில வாக்கியங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். தமிழ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம்.

முதல் சில வாக்கியங்கள் இப்படி இருந்தன. ‘மென்பொருள் புதுப்பிப்புகள் மேற்கொள்ளப்படவில்லை.’ ‘மூன்று பணிமுறைகளுக்கும் ஒரே பயனர் கணக்கு பயன்படுத்தப்படுகிறது.’ ‘முந்தைய அறிக்கையின் பரிந்துரைகள் நடைமுறைப்படுத்தப்படவில்லை.’ அதற்குப் பிறகு வந்த வாக்கியம்: ‘கீழ்க்காணும் பதினொரு ஊழியர்கள் இணைப்பைச் சொடுக்கினர்.’ கீழே பதினொரு வெற்றுக் கோடுகள். பெயர்களை எங்களுக்குக் காட்டாமல் விட்டிருந்தாள்.

தமிழில் பிழை ஏதுமில்லை. ஆனால் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் மூன்று வாக்கியங்களும் செயப்பாட்டுவினை. புதுப்பிக்காதவர் யார், ஒரே கணக்கைத் தந்தவர் யார், பரிந்துரையைக் கிடப்பில் போட்டவர் யார் என்பது வாக்கியத்தில் இல்லை. நான்காவது வாக்கியம் மட்டும் செய்வினை. அதில் மட்டும் செய்தவர் உண்டு, பதினொரு பெயர்களாக. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் இலக்கணத்தின் பின்னே மறைந்துகொள்ள, மாதச் சம்பளத்துக்கு வரும் பதினொருவர் மட்டும் வெயிலில் நின்றார்கள். எவரும் திட்டமிட்டு அப்படி எழுதவில்லை. அலுவல் மொழிக்கு அது பழகிப்போன நடை. எங்கள் கல்லூரிச் சுற்றறிக்கைகளும் அப்படித்தான்: ‘ஊதிய உயர்வு ஒத்திவைக்கப்படுகிறது’, ஆனால் ‘பேராசிரியர்கள் தாமதமாக வருகின்றனர்’.

கணிதக்காரர் வேறொன்றைப் பிடித்தார். “மூணு ஷிப்டுக்கும் ஒரே கணக்குன்னு இரண்டாவது வரியில நீயே எழுதியிருக்கே. அப்புறம் இந்தப் பதினொரு பேர்தான் சொடுக்கினாங்கன்னு எப்படிம்மா தெரியும்? கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்கதானே இங்க வந்திருப்பாங்க?”

அவள் தலையசைத்தாள். “அதையேதாம்மா நானும் எங்க மேலதிகாரிகிட்டக் கேட்டேன். பேர்ப் பட்டியல் கொடுக்கணும்னு ஒப்பந்தத்திலேயே இருக்காம். அவங்க அதுக்குத்தான் காசு கொடுத்திருக்காங்களாம்.”

பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பித்தவர்கள் ஒரு சொற்றொடரைக் கையாள்வார்கள்: ஏடெழுதுவோர் பிழை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்றோர் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பிழையைக் கண்டு திருத்தினார்கள். எந்த ஊரில் எந்த ஏழை எழுத்தன் கண் மங்கி அதை எழுதினான் என்று தேடிப் போகவில்லை. பிரதி மாறிப் பிரதி எடுக்கும் வழியில் எங்கே பிழை புகும் என்று அறிவதே பதிப்பாளருக்கு வேண்டியிருந்தது. இதை அவளிடம் சொன்னபோது தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். அவள் குறித்துக்கொள்ளும்போது எங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. நாங்கள் சொல்வது வகுப்பறை உதாரணம். அவள் கையில் இருந்தது பதினொரு குடும்பங்களின் பிழைப்பு.

அவள் போராடிப் பெற்றது இவ்வளவு: பலகையில் ஒட்டிய தமிழ்ச் சுருக்கத்தில் பெயர்கள் இல்லை, பிரிவுவாரியாக எண்ணிக்கை மட்டும். ஆங்கில அறிக்கையின் பின்னிணைப்பில் பட்டியல் இருந்தபடியே போயிற்று.

*

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தமிழ் வாத்தியார் வீடு என்பதால் மனு எழுதித்தரக் கேட்டு ஊரில் பலரும் வருவதுண்டு. முதியோர் உதவித்தொகை, பட்டா மாற்றம், சாதிச் சான்றிதழ். இவர் ஓர் ஆலையின் எடைமேடையில் ஒப்பந்தக்காரர் மூலமாக வேலை பார்த்தவர். வண்டியை எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பது, அனுப்புநரிடமிருந்து வரும் பில்களை மின்னஞ்சலில் திறந்து சரிபார்ப்பது அவர் வேலை. “கம்ப்யூட்டர்ல ஏதோ அமுக்கிட்டேனாம் சார். நாளையிலிருந்து வரவேண்டாம்னு காண்ட்ராக்டர் சொல்லிட்டார். போனஸ் லிஸ்ட்னு வந்துச்சு. அன்னிக்கு நான் நைட் ஷிப்டா, பகல் ஷிப்டான்னுகூட ஞாபகமில்ல. மூணு பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட். அதை ஸ்க்ரீன் மேலயே ஒட்டி வெச்சிருப்போம்.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. அது அதே ஆலையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். போனஸ் தூண்டிலும் பொதுக் கடவுச்சொல்லும் ஓர் ஆலைக்கு மட்டும் உரியவையா என்ன? அவரிடம் அவளைப் பற்றிச் சொல்லவில்லை; அவளிடம் அவரைப் பற்றிச் சொல்லவில்லை. இருவரும் எங்களை நம்பி வந்தவர்கள்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் மனத்தில் தைத்துக்கொண்டது. “சார், வர்றதையெல்லாம் திறந்து பாக்கறதுதானே என் வேலை? திறக்கலேன்னா வண்டி நிக்குது, திட்டு விழுது. திறந்தா இப்படி.” நாள்முழுதும் அறிமுகமில்லாதவர் அனுப்பும் இணைப்புகளைத் திறப்பதற்கென்றே ஒருவரைச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, ஒருநாள் ஒன்றைத் திறந்ததற்காக அவரை வெளியே அனுப்புகிறோம். அவருக்கு அனுப்பப்பட்ட பயிற்சி ஒளிப்படம் ஆங்கிலத்தில் இருந்ததாம். அதையும் ஒரு சொடுக்கில் ஓடவிட்டு, இன்னொரு சொடுக்கில் ‘பார்த்தேன்’ என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மனுவைச் செய்வினையில் எழுதினோம். இந்தக் கணக்கை மூவர்க்கும் பொதுவாகக் கொடுத்தவர் இன்ன பதவியில் உள்ளவர். பயிற்சியைத் தமிழில் கேட்டபோது மறுத்தவர் இன்ன பதவியில் உள்ளவர் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் வைத்தோம். பதில் வரவில்லை. அவர் இப்போது வேறோர் இடத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறார். அங்கே கணிப்பொறி இல்லை என்று சற்று நிம்மதியோடுதான் சொன்னார்.

*

சில ஆலைகளின் வாயிலில் பாதுகாப்பு வாரச் சுவரொட்டிகளில் திருக்குறளின் அரண் அதிகாரத்தை எடுத்தாள்வதைப் பார்த்திருக்கிறோம். எவ்வளவு சிறந்த கோட்டையாயினும் உள்ளிருப்பவரிடம் செயல்திறம் இல்லையென்றால் அது கோட்டையே ஆகாது என்பது அதன் கடைசிக் குறளின் கருத்து. நிர்வாகங்களுக்கு இது பிடித்தமான கருத்து; கோட்டையை நாங்கள் கட்டிவிட்டோம், ஓட்டை நீங்கள்தான் என்று ஊழியரைப் பார்த்துச் சொல்வதற்கு வசதி. ஆனால் அந்த அதிகாரம் பொருட்பாலில் அங்கவியலில் இருக்கிறது. படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண் என்னும் அரசின் அங்கங்களைப் பேசும் பகுதி அது. பேச்சு ஆள்பவரைப் பார்த்து. செயல்திறம் வேண்டும் என்று கேட்கப்படுவது கோட்டையின் கடைசிக் காவலாளியை மட்டுமல்ல. முதலில் கோட்டைக்கு உடையவரை.

இது நல்லெண்ணப் பேச்சு மட்டும் என்று எண்ணவேண்டாம். பாதுகாப்பின் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. சைபர் தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று இந்தியக் கணிப்பொறி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. ஆனால் அந்த ஆறு மணி நேரம் தொடங்குவதற்கே, முதலில் சொடுக்கியவர் வாய்திறக்கவேண்டும். ‘ஏதோ தப்பாகத் திறந்துவிட்டேன்’ என்று முதல் ஐந்து நிமிடத்தில் ஒருவர் சொன்னால் ஒரு கணிப்பொறியைக் கம்பியிலிருந்து பிடுங்கினால் போதும். வேலை போய்விடும் என்று அஞ்சி அவர் அடுத்த ஷிப்டுக்குக் கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போனால், காலைக்குள் ஆலை முழுதும் பூட்டப்பட்டிருக்கலாம். அந்த எடைமேடைக்காரரை அனுப்பியபோது ஆலைக்குள் மிச்சமிருந்த அனைவரும் ஒரு பாடம் கற்றிருப்பார்கள்: தெரிந்தாலும் சொல்லாதே.

அச்சம் கடைநிலை ஊழியர்க்கு மட்டும் உரியதுமன்று. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணிப்பொறியில் தீநிரல் கண்டறியப்பட்டதை செர்ட்-இன் 2019 செப்டம்பர் 4 அன்றே தெரிவித்திருந்தது. அக்டோபர் இறுதியில் செய்தி வெளியே கசிந்தபோது, நிலையத்தின் முதல் அறிக்கை தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்றது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் தீநிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது; உலைகளின் கட்டுப்பாட்டு அமைப்பு பாதிக்கப்படவில்லை என்றும் விளக்கியது. அந்த விளக்கத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் தென்மாவட்டத்து மக்கள் கூடுதலாக நம்பியிருப்பார்கள்.

வேறு வழியும் உண்டு என்பதற்கு நார்வே நாட்டு நார்ஸ்க் ஹைட்ரோ அலுமினிய நிறுவனத்தை அவள் உதாரணம் காட்டுவாள். 2019 மார்ச் 19 அன்று அந்நிறுவனத்தின் கணிப்பொறிகள் பிணைத்தொகை கேட்டுப் பூட்டப்பட்டன. நம்பிக்கையான வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து வந்த மின்னஞ்சலை ஓர் ஊழியர் சில மாதங்களுக்கு முன்பு திறந்ததே தொடக்கம். நிறுவனம் பணம் கட்டவில்லை. நடந்ததை அன்றே உலகுக்குச் சொல்லி, நாள்தோறும் விவரம் தந்தது. தொழிலாளர்கள் காகிதத்தில் அச்சிட்ட பழைய ஆணைகளைக் கொண்டு கையால் இயந்திரங்களை ஓட்டினார்கள். நட்டம் பெரிது. ஆயினும் அந்நிகழ்ச்சியைப் பற்றி நாங்கள் படித்தவற்றில் எங்கும் அந்த ஊழியரின் பெயர் இல்லை. இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. பெரியவர்கள் பொறுப்பிலிருந்து ஒளிவதற்கு மட்டும் பயன்பட்டுவந்த அது, ஓர் எளியவருக்குக் குடையாகவும் ஆகலாம் என்று அங்கே கண்டோம்.

*

இப்போது அவள் ஆலைகளில் தமிழிலேயே பயிற்சி வகுப்பு எடுக்கிறாள். தெலுங்கிலும் கொஞ்சம்; எல்லையூர்க்காரிக்கு அது இயல்பு. இந்தி பேசுபவர்களுக்கு உடன்பணியாற்றும் நண்பர் ஒருவரை அழைத்துக்கொள்கிறாள். பணத்தை இழந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்கவேண்டும் என்பதிலிருந்து தொடங்குவாளாம். ஆலையைப் பற்றிய அறிவுரை பிறகுதான். தன் வீட்டுப் பணத்தைக் காக்கக் கற்றுத்தருபவரின் பேச்சைத்தான் தொழிலாளர்கள் ஆலைக்காகவும் கேட்கிறார்கள் என்பது அவள் கண்டறிந்தது.

ஒரு வகுப்பில் அவள் வழக்கம்போல், “தப்பாச் சொடுக்கிட்டா மறைக்காதீங்க. உடனே சொல்லுங்க. யாரும் உங்களைத் திட்டமாட்டாங்க” என்றிருக்கிறாள். கடைசி வரிசையிலிருந்து வயதான ஒருவர் எழுந்து, பணிவாகத்தான், கேட்டாராம்: “அதை எழுதிக் கொடுப்பாங்களாம்மா?”

அதற்கு அன்று அவளிடம் பதில் இல்லை. எங்களிடம் வந்து சொன்னபோது எங்களிடமும் இல்லை. ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. போலி மின்னஞ்சல் சோதனைக்கான ஒப்பந்த வரைவில், வேலை தொடங்குமுன்பே, ஒரு பிரிவைச் சேர்க்கும்படி தன் நிறுவனத்தில் வாதாடினாள்: தனியாள் பெயர்கள் சேகரிக்கப்படமாட்டா, பிரிவுவாரி எண்ணிக்கையே தரப்படும், தாமாக முன்வந்து தெரிவிப்பவர்மீது நடவடிக்கை எடுக்கமாட்டோம் என நிர்வாகம் கையொப்பமிட்டு அறிவிக்கவேண்டும். இரண்டு மாத வாதத்துக்குப்பின் அவள் மேலதிகாரி இணங்கியிருக்கிறார், வாடிக்கையாளர் மறுத்தால் நீக்கிவிடலாம் என்ற நிபந்தனையோடு. சில ஆலைகள் ஒப்புக்கொள்கின்றன. சில ஆலைகள், பெயர் தரும் வேறோர் ஆலோசகரைத் தேடிப் போகின்றன.

சென்ற ஞாயிறும் அந்தப் பிரிவின் தமிழ் வடிவத்தைக் கொண்டுவந்திருந்தாள். ‘நடவடிக்கை எடுக்கப்படமாட்டாது’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘ஆலையின் மேலாளராகிய நான் நடவடிக்கை எடுக்கமாட்டேன்’ என்று திருத்திக் கொடுத்தோம். “இதுல கையெழுத்து வாங்கறது கஷ்டம் ஐயா” என்றாள். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை ரயிலுக்கு நேரமாகிவிடும் என்று கிளம்பினாள்.